கீல் போல்ட் ‘கிளிக்’ என்றது, நம்பலாமா?

முட்டத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில், ஓக்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். படகைக் கட்டியிருப்பது பக்கத்தில் அலமீடாவில். 1979-ல் கட்டிய 30 அடிப் பாய்மரப் படகு. ஃபைபர் உடம்பு, அடியில் ஈயக் கீல் (படகு கவிழாமல் இருக்க அடியில் போல்ட் போட்டு மாட்டிய கனம்), கிட்டத்தட்ட 1,900 கிலோ. இரண்டு வருஷத்துக்கு முன்பு வாங்கினேன். வாங்கிய விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அதற்கப்புறம் செலவழித்ததைச் சொன்னால் அழுவீர்கள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் நன்றாக வற்றியிருந்த நேரம், பெர்க்லி பக்கம் சேற்றில் கீல் போய் உட்கார்ந்துவிட்டது. 4 நாட் வேகம் இருக்கும். பாறை இல்லை, வெறும் சேறு. ஒரு மணி நேரம் சாய்ந்து கிடந்தோம், ஏற்றம் வந்ததும் தானாக மிதந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை, என் கணவரின் டீ மட்டும்தான் கொட்டியது.

அதிலிருந்து பில்ஜில் (படகின் உள்ளே தரைக்கடியில் இருக்கும் பள்ளம்) தண்ணீர். முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு தடவை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும். இப்போது ஒவ்வொரு வாரமும் இரண்டு டம்ளர் சேர்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, பில்ஜைத் துடைத்துக் காயவைத்து, கீல் போல்ட் ஒவ்வொன்றின் நட்டையும் சுற்றித் திருநீறு தூவினேன். டால்கம் பவுடர்தான் தூவ நினைத்தேன், படகில் இல்லை. மாமியார் பழனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பொட்டலம் இருந்தது. (அவரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் பாதி ஞாயிறு பூசை, பாதி பழனி.) அப்புறம் மதியக் காற்றில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பலகையைத் திறந்து பார்த்தேன். ஆறு நட்டைச் சுற்றித் திருநீறு போட்டது போட்டபடி இருந்தது. ஐந்தாவது நட்டைச் சுற்றி மட்டும் குழைந்து, பின்பக்கமாக ஒரு கோடு இழுத்திருந்தது.

போல்ட் மொத்தம் ஏழு. முன்னாலிருந்து எண்ணுகிறேன். எல்லாம் 3/4 அங்குலம். பக்கத்துப் படகுக்காரரிடம் டார்க் ரெஞ்சும் (வைத்த அளவு முறுக்கு வந்ததும் ‘கிளிக்’ என்று சொல்லும் ரெஞ்ச்) 1 1/8 அங்குல நீள சாக்கெட்டும் கடன் வாங்கி, இணையத்தில் கண்ணில் பட்ட 100 ஃபுட்-பவுண்டு முறுக்கு அளவை வைத்து எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். 1, 2, 3 மூன்றும் ரெஞ்சை வைத்து இழுத்தவுடன் கிளிக். நட்டு மயிரிழைகூட நகரவில்லை. இதில் முதல் இரண்டின் மேல் பழைய சொந்தக்காரர் ரெசின் ஊற்றி அழகாக மூடியிருந்தார். சாக்கெட் நுழையும் அளவுக்கு மட்டும் சுரண்டினேன். நான்காவது கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பி, கிளிக். ஐந்தாவதுதான் பிரச்சினை. ஒன்றரைச் சுற்றுச் சுற்றிவிட்டேன், கிளிக்கே வரவில்லை. வாஷர் மெல்லத் தரைக்குள் இறங்குவதைப் பார்த்ததும் பயந்து நிறுத்திவிட்டேன். ஆறு, ஏழு சரியாகவே கிளிக் ஆனது. ஏழாவதன் மேல் நெல்லிக்காய் அளவுக்குத் துருக்கட்டி இருக்கிறது.

இன்னொன்று. கீலும் படகின் உடம்பும் சேருகிற இடத்தில், முன்பக்கம் ஒரு விரிசல். இங்கே படகுக்காரர்கள் இதை ‘ஸ்மைல்’ என்கிறார்கள். போன வருஷம் கரையேற்றியபோது தபால் அட்டை நுழையும் அகலம் இருந்தது. பட்டி போட்டுப் பெயின்ட் அடித்தோம். இந்த ஜூலையில் நீரில் இறங்கிப் பார்த்தேன், மறுபடி சிரிக்கிறது.

படகு ரிப்பேர் யார்டுக்காரர் கீலைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும், 9,000 டாலர் ஆகும் என்கிறார். நான் கேட்பது இதுதான்: ஐந்தாவது நட்டுக்குக் கீழே பெரிய தகடாகப் போட்டு முறுக்கி எடுத்துவிட முடியாதா? மற்ற ஆறும் நன்றாக இருக்கும்போது ஒரு போல்ட்டுக்காகக் கீலையே கழற்ற வேண்டுமா? அப்புறம் அந்த 100 என்ற எண், மரையில் எண்ணெய் போட்டா, போடாமலா?

என் தாத்தா கட்டுமரக்காரர். அதில் போல்ட்டும் இல்லை, நட்டும் இல்லை, கயிறு மட்டும்தான். அதனால் பரம்பரை அறிவு இந்த இடத்தில் கைகொடுக்கவில்லை.

சனிக்கிழமை மாலுமி:

ரொம்ப யோசிக்காதீங்க. என்னிடம் இருப்பது 27 அடி, அதுவும் அதே காலத்துப் படகு. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கரையேற்றும்போது எல்லா நட்டையும் ஒரு பிடி பிடித்துவிடுவேன். ஒன்றில் வாஷர் அமுங்கியது. கால் அங்குலத் தகட்டில் நான்கு அங்குலச் சதுரம் வெட்டிப் போட்டேன், பிரச்சினை தீர்ந்தது. விரிசலைச் சுரண்டிவிட்டு த்ரீஎம் 5200 ஒட்டுப்பசையைத் திணியுங்கள். யார்டுக்காரர்களுக்குக் கீலைக் கழற்றுவது என்றால் கல்யாண விருந்து மாதிரி. 9,000 டாலருக்கு இன்னொரு படகே வாங்கலாம்.

பழைய சீஃப்:

மாலுமி தம்பி, உங்கள் படகில் அது சரியாக இருந்திருக்கலாம். இந்தப் படகில் கை வைக்குமுன் கொஞ்சம் பொறுங்கள்.

தங்கச்சி, நான் தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பல்களில் 31 வருஷம் இன்ஜின் ரூமில் இருந்துவிட்டு இப்போது மகள் வீட்டில், வல்லேஹோவில் இருக்கிறேன். பாய்மரப் படகு எனக்குப் பொழுதுபோக்கு, போல்ட்தான் தொழில். ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கவலைப்படுகிற ஐந்தாவதைவிட, கவலையே படாத ஒன்று, இரண்டு, மூன்றுதான் எனக்கு உறுத்துகிறது.

டார்க் ரெஞ்ச் எதை அளக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நட்டைத் திருப்ப எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்பதை மட்டும்தான். போல்ட் எவ்வளவு இழுத்துப் பிடித்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நல்ல புது போல்ட்டிலேயே நாம் கொடுக்கிற முறுக்கில் பாதி நட்டின் அடிமுகம் வாஷரில் உரசுவதில் போய்விடும். மரைக்குள் உரசுவதில் இன்னொரு 40 சதவீதம். மிச்சம் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. நட்டை ரெசினோ துருவோ கவ்விப் பிடித்திருந்தால்? நீங்கள் கொடுத்த 100-ம் அந்தக் கவ்வலிலேயே தீர்ந்துவிடும். ரெஞ்ச் கிளிக் என்று சொல்லும். அது பொய் சொல்லவில்லை, நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது. நட்டு நகராமலே கிளிக் ஆனது என்றால் ‘இறுக்கமாக இருக்கிறது’ என்றும் படிக்கலாம், ‘சிக்கிக் கிடக்கிறது’ என்றும் படிக்கலாம்.

எண்ணெய் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. 3/4 அங்குல போல்ட், 100 ஃபுட்-பவுண்டு, உலர்ந்த மரை என்றால் கணக்குப்படி சுமார் 3.6 டன் இழுப்பு வரும். அதே 100-ஐ மரையில் கிரீஸ் தடவிவிட்டுக் கொடுத்தால் 4.8 டன் வரை போகும். அதனால் 100 என்று சொன்னவர் உலர்ந்த மரைக்கா, கிரீஸ் தடவிய மரைக்கா என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. படகு கட்டியவரின் கையேட்டிலோ, அந்த ரகப் படகுக்காரர்கள் சங்கத்திலோ கேட்டு வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் நட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் உலர்வாக முறுக்கினால் பாதி வழியில் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், அப்புறம் ரம்பம்தான். கிரீஸ் தடவுங்கள், சொன்ன எண் உலர்ந்த மரைக்கானது என்றால் அதில் கால் பங்கு குறையுங்கள்.

கப்பலில் மெயின் இன்ஜினைத் தளத்தோடு பிடிக்கும் பெரிய போல்ட்களை நாங்கள் டார்க் வைத்து முறுக்குவதில்லை. ஹைட்ராலிக் ஜாக் மாட்டி போல்ட்டையே நேராக இழுத்து நீட்டிவிட்டு, நட்டைக் கையால் சும்மா உட்கார வைப்போம். ஜாக்கை விட்டதும் போல்ட் சுருங்கி இறுக்கிப் பிடிக்கும். அப்புறம் சோதனைக்கு ஒரு வழி இருக்கிறது, படகிலும் செய்யலாம். நட்டும் வாஷரும் சேருகிற இடத்தில் ஒரு பக்கம் ஆள்காட்டி விரலை வையுங்கள். எதிர்ப்பக்கம் சின்னச் சுத்தியலால் நட்டில் தட்டுங்கள். இறுகிய போல்ட் என்றால் கணீர் என்று சத்தம் வரும், விரலில் ஒன்றும் தெரியாது. தளர்ந்தது என்றால் விரலுக்கடியில் ஒரு துடிப்பு தெரியும், சத்தமும் செத்துப் போயிருக்கும். நான் ஜூனியராகச் சேர்ந்த முதல் மாதம் 40-க்கு மேற்பட்ட போல்ட்களை இப்படித் தட்டி, மூன்று தளர்ந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். செகண்ட் இன்ஜினியர் வந்து தட்டிவிட்டு ஐந்து என்றார். விரல் பழக வேண்டும்.

ஐந்தாவதற்கு வருகிறேன். வாஷர் தரைக்குள் இறங்குகிறது என்றீர்கள். அந்தக் காலத்துப் பல படகுகளில், கீல் வந்து உட்காரும் அடிப்பகுதியை ஃபைபர், நடுவில் பிளைவுட், மறுபடி ஃபைபர் என்று அடுக்கிக் கட்டியிருப்பார்கள். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் கசிந்தால் பிளைவுட் ஊறி, அழுகி, கேக் மாதிரி ஆகிவிடும். நீங்கள் நட்டைச் சுற்றச் சுற்ற இறுகுவது போல்ட் இல்லை, கேக் நசுங்குகிறது. பெரிய தகடு போட்டால் கிளிக் வரும், ஏனென்றால் இன்னும் அகலமாக நசுக்குவீர்கள். ஆறு மாதத்தில் மறுபடி தளரும். ஸ்மைல் திரும்பத் திரும்ப வருவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். நடுவில் இருக்கிற மரம் அமுங்கினால் கீல் முன்னால் தொங்கத்தானே செய்யும்.

மற்றவை நன்றாக இருக்கின்றன என்று நீங்கள் நினைப்பதைப் பற்றி. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை. அது துருப்பிடிக்காமல் இருப்பதே மேலே ஒரு மெல்லிய குரோமியம் ஆக்சைடு தோல் இருப்பதால்தான். தோல் கீறினால் காற்றிலோ ஓடுகிற நீரிலோ இருக்கும் ஆக்சிஜனை வைத்துத் தானே ஆற்றிக்கொள்ளும். கீலுக்கும் உடம்புக்கும் நடுவில் தேங்கி நிற்கிற உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் கிடையாது. தோல் ஆறாது. அந்த ஒரு இடத்தில் மட்டும் உள்ளே உள்ளே அரித்துக்கொண்டு போகும். மேலே நட்டு பளபள, கீழே ஈயத்துக்குள் இருக்கும் பகுதியும் பளபள, நடுவில் இடுப்பு மட்டும் சிறுத்துவிடும். ரெசின் ஊற்றி மூடியவர் நல்லது செய்வதாக நினைத்திருப்பார். போல்ட்டைப் பார்க்கிற வழியையும் அடைத்துவிட்டார்.

அதனால் தண்ணீரில் இருக்கும்போது எந்த நட்டையும் தளர்த்தாதீர்கள், இன்னும் முறுக்கவும் செய்யாதீர்கள். கரையேற்றுங்கள். கிரேன் பட்டையில் படகு தொங்கும்போது யார்டுக்காரரிடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்குங்கள், அந்தப் பத்து நிமிஷம்தான் முக்கியம். ஸ்மைல் எவ்வளவு விரிகிறது என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பாருங்கள். இரண்டு பேர் கீழே கீலின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டட்டும், நீங்கள் உள்ளே படுத்துக்கொண்டு வாஷர்களைப் பாருங்கள். ஏதாவது ஒன்று மூச்சு விடுவது போல அசைந்தால் விவாதமே வேண்டாம். அப்புறம் கீலின் மேல் நிறுத்தியபின் ரெசினைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு நட்டாகக் கால் சுற்றுத் தளர்த்தித் திரும்ப முறுக்குங்கள். ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. தளர்த்திய பிறகு வருகிற கிளிக்குக்குத்தான் மரியாதை.

ஐந்தாவதற்குப் பக்கத்தில் உள்ளிருந்து 6 மில்லி ட்ரில்லால் ஒரு துளை போடுங்கள். மேல் தோலைத் தாண்டியதும் நின்றுவிடும்படி ட்ரில் பிட்டில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். தூள் வெளுப்பாக, காய்ந்து வந்தால் என்னைத் திட்டுங்கள். கறுப்பாக, வினிகர் வாடையோடு வந்தால் சொல்லுங்கள்.

சோலண்ட் காற்று:

சவுதாம்ப்டனிலிருந்து எழுதுகிறேன் அக்கா. சீஃப் சொன்னதற்கு மேல் போல்ட் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. போல்ட்டைச் சுற்றி இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை.

2014 மே மாதம் சீக்கி ரஃபிக்கி என்ற 40 அடிப் படகு ஆன்டிகுவாவிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நடு அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்தது. நான்கு பேர். ஒருவரும் திரும்பவில்லை. கவிழ்ந்த உடம்பைக் கண்டுபிடித்தபோது லைஃப் ராஃப்ட் உள்ளேயே இருந்தது. எடுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. விபத்து விசாரணை அறிக்கையில் எனக்கு மறக்காத இடம் ஒன்று உண்டு. படகு அதற்கு முன்பு பல தடவை தரைதட்டியிருக்கிறது. அப்புறம் செய்த ரிப்பேர்களும் சேர்ந்து, கீல் பிடித்திருக்கும் இடத்தின் கட்டமைப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று சொல்கிறார்கள். அந்த மாதிரிப் படகுகளில் உள்ளே தனியாக வார்த்த ஒரு சட்டகத்தை உடம்போடு ஒட்டியிருப்பார்கள். ஒட்டு விட்டுப்போனால் வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம்.

உங்கள் படகின் கட்டமைப்பு வேறு. ஆனாலும் தரைதட்டினால் கீலின் முன்பக்கம் கீழே இழுபடும், பின்பக்கம் மேலே படகின் வயிற்றில் குத்தும். அதனால் ஏழாவது போல்ட்டுக்குப் பின்னால் தரைக்கடியில் இருக்கிற குறுக்குச் சட்டங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல், பெயின்ட் உரிந்த கோடு, ஒட்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு, எதுவும் இருக்கக்கூடாது. ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் மாறுகிற இடத்தில் மார்க்கர் வையுங்கள்.

சேறுதானே என்று விட்டுவிடாதீர்கள். 4 நாட் என்றாலும் பின்னாலிருந்து தள்ளுவது நாலரை டன்.

முட்டத்துக்காரி:

அண்ணாச்சி, திட்ட முடியவில்லை. யார்டில் பட்டையில் தொங்கும்போதே தெரிந்துவிட்டது. ஸ்மைல் 4 மில்லி விரிந்தது. இரண்டு பையன்கள் கீழே கீலை ஆட்டினார்கள், நான் உள்ளே தலைகீழாகப் படுத்திருந்தேன். ஐந்தாவது வாஷர் நீங்கள் சொன்ன மாதிரியே மூச்சு விட்டது, ஓரத்தில் ஒரு குமிழிகூட வந்தது. வெளியே வந்து பையன்களுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. “போதும், ஆட்டாதீங்க” என்று தமிழில் கத்தினேன்.

துளை போட்டதும் கறுப்புத் தண்ணீர். இரண்டு நாள் விடாமல் கசிந்தது. வாடை வினிகர் இல்லை. பழைய ஊறுகாய் ஜாடி.

விரல் சோதனையில் ஐந்தும் ஏழும் துடித்தன. இரண்டாவதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் சத்தம் மட்டும் மூன்றாவதைவிட மந்தமாகக் கேட்டது. ரெசின் இருப்பதால் அப்படியா?

சோலண்ட் தம்பி, சட்டங்களைத் தட்டிப் பார்த்தேன். பின்னால் ஒரு இடத்தில் மட்டும் ஓர் அங்குல நீளம் சந்தேகம். மார்க்கர் வைத்திருக்கிறேன்.

பழைய சீஃப்:

ரெசினைச் சுரண்டிவிட்டு மறுபடி தட்டுங்கள். அப்போதும் மந்தமாக இருந்தால் கீலைக் கழற்றத்தான் வேண்டும். காசு போகிறதே என்று இருக்கும், எனக்கும் புரிகிறது. முழுக்க இறக்கி ஓரமாக வைக்க வேண்டியதில்லை. கீலைக் கட்டைகளில் அசையாமல் முட்டுக் கொடுத்து நிறுத்தி, நட்டுகளை எடுத்துவிட்டு, படகை மட்டும் பட்டையில் ஓரடி தூக்கினால் போதும். போல்ட்டின் இடுப்பைப் பார்த்துவிடலாம். கிரேன் வாடகை மட்டும்தான். யார்டுக்காரரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள். மரவேலையை நீங்களே செய்கிறேன் என்று சொல்லுங்கள், தொகை இறங்கும்.

எங்கள் ஊர்த் தோணி கட்டுகிற ஓடாவிகள் ஏராவைத்தான் (நம் ஊரில் கீலுக்குப் பெயர்) முதலில் போடுவார்கள், அதற்குமேல்தான் மற்ற எல்லாம். இங்கே எல்லாம் கட்டிவிட்டுக் கடைசியில் ஏராவைக் கொண்டுவந்து நட்டுப் போட்டு மாட்டுகிறோம். எனக்கு இது இன்னும் பழகவில்லை.

முட்டத்துக்காரி:

ஏழு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

ரெசினைச் சுரண்டினேன். ஒன்றாவது நட்டு கால் சுற்றுத் தளர்ந்து ஒழுங்காகத் திரும்ப இறுகியது. இரண்டாவது நட்டைத் தளர்த்தினால் போல்ட்டும் சேர்ந்து கொஞ்சம் திரும்புகிற மாதிரி இருந்தது. அங்கேயே நிறுத்திவிட்டு, யார்டுக்காரரிடம் போய் அண்ணாச்சி சொன்னபடி பேசினேன். ஒத்துக்கொண்டார்.

படகைத் தூக்கியதும் கீல் உடனே விடவில்லை. முன்பக்கம் பிரிந்தது, பின்பக்கம் பழைய பசை விடவே இல்லை. மர ஆப்பு அடித்து, பியானோ கம்பியை இரண்டு பக்கமும் பிடித்து ரம்பம் மாதிரி இழுத்து, அரை நாள் ஆனது. சத்தம் எதுவும் பெரிதாக இல்லை. சப்பென்று ஒரு முத்தச் சத்தம், அவ்வளவுதான், பிரிந்துவிட்டது.

ஐந்தாவது போல்ட் சுத்தம்! முழுக்க 19 மில்லி, மரைகூடத் தேயவில்லை. அதைச் சுற்றியிருந்த மரம்தான் கையால் பிய்த்து எடுக்கும்படி இருந்தது. ஏழாவது, மேலே துரு மட்டும், உள்ளே சரி. இரண்டாவதைப் பார்த்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன். ஈயத்தை விட்டு வெளியே வருகிற இடத்தில் ஓர் அங்குல நீளத்துக்கு, சுற்றிலும் பூச்சி அரித்த மாதிரி பள்ளம் பள்ளமாக. காலிப்பர் வைத்தேன், மெலிந்த இடத்தில் 12.5 மில்லி. அதிலும் ஒரு பக்கம் விரிசல் மாதிரி ஒரு கோடு. அதற்கு மேலே அரை ஜாண் தூரத்தில், ரெசினுக்குள் பத்திரமாக மூடி, பளபளவென்று ஒரு நட்டு. 100-க்குக் கிளிக் சொன்ன நட்டு.

யார்டில் இருந்த பெரியவர் ஒருவர் அந்த போல்ட்டை வெட்டச் சொன்னார். பக்கத்திலேயே ஈயத்தில் புதுத் துளை. ஈயத்தில் துளை போடுவது இவ்வளவு தொல்லை என்று எனக்குத் தெரியாது. ட்ரில் பிட்டை ஈயம் கவ்விக்கொள்கிறது. மெதுவாகச் சுற்ற வேண்டும், மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஒவ்வோர் அரை அங்குலத்துக்கும் வெளியே எடுத்துச் சுருளைத் தட்ட வேண்டும். ஒரு துளைக்கு ஒரு முழு நாள். கீலின் பக்கவாட்டில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பொந்து வெட்டி, 316 ரக ஸ்டெயின்லெஸ் தண்டை மேலிருந்து இறக்கி, பொந்துக்குள் தடித்த தகடும் நட்டும் போட்டு, எபாக்சியால் அடைத்தோம். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டாயிற்று, இரண்டாவதற்குப் பக்கத்தில் ஒன்று, நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒன்று.

மரவேலை என்னுடையது. உள்தோலை வெட்டித் திறந்து, நான்காவதிலிருந்து ஆறாவது வரை கறுப்பு மரத்தை உளியால் தோண்டி எடுத்தேன். இரண்டு பெயின்ட் வாளி நிறைந்தது. ஹீட் லாம்ப் வைத்துப் பத்து நாள் காயவிட்டேன். தாத்தா கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார். ஒருநாள்கூட ஈரத்தோடு கட்டி வைத்ததில்லை. அந்தப் பத்து நாளும் அதுவே ஞாபகம். அப்புறம் மரமே வைக்காமல், ஃபைபர் துணியும் எபாக்சியும் அடுக்கடுக்காகப் போட்டுக் கெட்டியாக நிரப்பினேன். ஒரே நாளில் நிரப்பினால் சூடேறிப் புகைந்துவிடும் என்று பெரியவர் சொன்னதால் நான்கு நாளாகப் பிரித்துச் செய்தேன். சோலண்ட் தம்பி காட்டிய இடத்தில் சட்டத்தின் ஒட்டு உண்மையிலேயே விட்டிருந்தது, ஓர் அங்குலம் இல்லை, ஐந்து. தேய்த்து மறுபடி ஒட்டினேன்.

முறுக்கும்போது எல்லா மரையிலும் லானோலின் கிரீஸ். சங்கத்தில் கேட்டதில் உலர்ந்த மரைக்குத்தான் அந்த 100 என்றார்கள், அதனால் 75. நடுவிலிருந்து ஆரம்பித்து முன்னும் பின்னுமாக, 25, 50, 75 என்று மூன்று சுற்று. பழைய சின்ன வாஷர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் கால் அங்குலத் தகடு. (மாலுமி சார், உங்கள் தகடு யோசனை வீண்போகவில்லை.) லாரி டயர் நட்டில் போடுகிற மாதிரி, நட்டிலிருந்து தகடு வரை மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு.

என் உழைப்பைக் கழித்து 6,300 டாலர். தண்ணீரில் இறக்கி ஒரு வாரம் கழித்து மறுபடி ரெஞ்ச் வைத்தேன். எல்லாம் நின்ற இடத்தில் நிற்கின்றன, நான்காவது மட்டும் கோட்டிலிருந்து ஒரு நெல்மணி அகலம் நகர்ந்து கிளிக் ஆனது. அதற்குக் காரணம் கிரீஸா, புது எபாக்சி உட்காருவதா அண்ணாச்சி?

பழைய சீஃப்:

புதிதாக நிரப்பிய இடம், உட்காரும். ஒரு நெல்மணி பரவாயில்லை. பழைய கோட்டை அழிக்காமல் பக்கத்தில் வேறு நிறத்தில் புதுக் கோடு போடுங்கள். அடுத்த மாதம் ஒரு முறை, காற்றுக்காலம் முடிந்து ஒரு முறை. மறுபடி நகர்ந்தால் மட்டும் எழுதுங்கள்.

வெட்டிய அந்த இரண்டாவது போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? விரிசல் தெரிகிற பக்கமாக ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். மாலுமி தம்பி பார்க்கட்டும்.

சனிக்கிழமை மாலுமி:

பார்க்கத் தேவையில்லை சீஃப். நேற்றே கிரேனுக்குச் சொல்லிவிட்டேன், அடுத்த வியாழன்.